காரணம் என்ற கட்டம்

நிஸ்வாக் கோட்டைக்குப் பின்சந்தில்
நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டர்.
ஓர் ஏசி, இரண்டு கணினி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி.
விசா, வாடகை ஒப்பந்தம்,
ஆட்டுப் பண்ணைக்கு மின் இணைப்பு,
துப்பாக்கிக்கு உரிமம்,
எல்லாப் பாரத்துக்கும் ஒரே கூலிதான்.

வியாழக்கிழமை, கடை சாத்தும் நேரம்,
அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள்.
ஹமூதின் தோளில் துணி சுற்றிய நீளமான ஒன்று.
ஸாஹிரின் கையில் பாதி குடித்த கரக் டீ.

பெயர் அடித்தேன். ஊர் அடித்தேன்.
ஆயுத எண் இரும்பில் தேய்ந்துபோய்
மூன்றா எட்டா என்று தெரியவில்லை.
எட்டு என்றான் அண்ணன்.
மூன்று என்றான் தம்பி.
அதில் தொடங்கியது.

"ஃபலஜில் எங்கள் தண்ணீர் முறையை
ராத்திரி முழுக்க இதுதான் காத்தது.
யாரும் கொடுத்த உரிமை இல்லை இது.
யாரும் எடுக்கவும் முடியாது."

"அன்றைக்கு ஸ்டேஷன் இல்லை.
பாட்டனே ஸ்டேஷன், இதுதான் எஃப்.ஐ.ஆர்."
(அவன் சொன்னது அரபியில்.
எஃப்.ஐ.ஆர். நான் போட்டது.)
"இப்போது தண்ணீர் மோட்டாரில் வருகிறது.
சுடுவதானால் மோட்டாரைச் சுடு."

"நாளைக்கு அந்த ஸ்டேஷனே
நம் பக்கம் திரும்பினால்?"
இதைக் கேட்கும்போது ஹமூதின் குரல்
தானாகவே இறங்கிவிட்டது.
மூவரும் கொஞ்ச நேரம்
ஏசியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என்னை யாரும் கேட்கவில்லை.
என் உரிமை இரண்டிரண்டு வருடமாக
ரெசிடென்ட் கார்டில் அச்சாகி வருவது.

தமிழில் உரிமையும் உரிமமும்
கடைசி எழுத்து வரை சேர்ந்தே நடக்கின்றன.
அதற்குமேல் உள்ள தூரத்தை என் அப்பா
மானாமதுரை ஸ்டேஷனுக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்து அளந்தவர்.
கடலைக்காட்டில் பன்றி விரட்ட ஒற்றைக்குழல்;
தேர்தல் அறிவித்தால் ஒப்படைத்தாக வேண்டும்.
எங்கே துப்பாக்கி என்றால்
"மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு" என்பார்,
சட்டைப்பையில் ரசீதைத் தடவிக்கொண்டே.
ஓட்டுப் போடும் உரிமை வரும்போதெல்லாம்
சுடும் உரிமம் உள்ளே போய்விடும்.
பன்றிகளுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

அந்தக் காட்டோரம் ஒரு நடுகல்.
மாடு மீட்கப் போனவன், கையில் வாள்.
எதற்கு வாள் என்று
எந்தப் பாரமும் அவனைக் கேட்டதில்லை.
அவன் வெட்டிய ஆளுக்குக் கல் எங்கே என்று
நானும் கேட்டதில்லை.

காரணம் என்ற கட்டத்தில் கர்சர் துடித்தது.
"குடும்ப நினைவுப் பொருள்" என்றான் ஹமூத்.
"அலங்காரம். குழலில் ஈயம் ஊற்றி
அடைத்துவிடுவோம்" என்றான் ஸாஹிர்.

நான் மேசை டிராயரைத் திறந்தேன்.
ஆறு நாளாக ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் கிடந்ததை
எடுத்து வைத்தேன்.

போன வெள்ளி ராத்திரி, அடுத்த தெருவில் கல்யாணம்.
விடியும்போது எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து
நூல் மாதிரி ஒரு கசிவு.
என் வீட்டுக்காரர் தொட்டியைக் கழுவும்போது
அடியில் இது.
அதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான்
கீழ்வீட்டு வெல்டர் குருசுமிக்கேல் பாய் விரிப்பான்.
அன்றைக்கு அவனுக்கு நைட் ஷிப்ட்.

"அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்களா?"

ஹமூத் அதை உள்ளங்கையில் வைத்து
ரொம்ப நேரம் எடை பார்த்தான்.
"மூன்று முறை" என்றான்.
"வானத்தைப் பார்த்துத்தான்."

ஸாஹிர் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தான்.

சனிக்கிழமை புதுத் தொட்டி வந்தது,
ஆயிரம் லிட்டர், யார் பெயரும் இல்லாமல்.
விண்ணப்பமும் போய்விட்டது.
காரணம், அண்ணன் சொன்னது.
எண், தம்பி சொன்னது.

அன்றைக்கு வாசல்வரை போன ஸாஹிர்
திரும்பி, தயங்கி,
மேசைமேல் கிடந்த குண்டைக் காட்டிச் சொன்னான்:
"இது உங்களிடம் இருப்பதற்கும்
அனுமதி வேண்டுமோ என்னவோ."

ஒரு வெற்றுப் பாரத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
என் பெயர்வரை அடித்தாகிவிட்டது.